இடது கைக்கு ஒரு கத்தி

"கத்தி மடங்கி உள்ள போறப்ப அதோட வீட்டையே வெட்டிடாதாப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. வேலை முடிந்து வந்த அப்பா மடக்குக் கத்தியை மூடி அலமாரியின் மேல் வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் திடீரென்று கேட்டுவிட்டாள். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. எதற்கும் உடனே பதில் சொல்கிற மனிதர் இல்லை அவர். மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னார்: "வெட்டாது கண்ணு. உள்ள அதுக்குன்னு கொஞ்சம் இடம் விட்டு வச்சிருக்காங்க." மகள் அதற்குள் கேள்வியை மறந்திருந்தாள். அவருக்குத்தான் அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால், கொஞ்சம் இடம் விட்டுவிட்டால் போதும், தானாக மடங்கிவிடும் என்று அன்றிலிருந்து நம்பி வந்தார்.

கிடங்கில் அவருக்குப் பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. "இவர் இதோ வர்றேன்னா நாளைக்கு வர்றேன்னு அர்த்தம்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அது குறையாகத் தோன்றாத வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. திரைச்சீலைத் துணியும் சோபாத் துணியும் வந்து இறங்கும் பெரிய கிடங்கு. ஒவ்வொரு ரோலும் ஓர் ஆள் உயரம். மேலே பிளாஸ்டிக் உறை, உறையைச் சுற்றி மூன்று இடங்களில் இறுக்கிய பட்டை. சக்கரம் வைத்த ஏணியில் ஏறி, அடுக்கில் இருக்கிற ரோலின் பட்டைகளை வெட்டி, உறையைக் கீறி, துணியில் கறை, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, சீட்டு எழுதிச் செருக வேண்டும்.

இதில் அவசரக்காரன் செய்கிற தவறு ஒன்று உண்டு. உறையைக் கீறும்போது கத்தி முனை ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் போதும், மேல் சுற்றுத் துணி மூன்று நான்கு மடிப்புக்கு நீளமாகக் கிழிந்துவிடும். வெளியே தெரியாது. யாரோ ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மாட்டிய பிறகுதான் வெயில் அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். பதினெட்டு வருடத்தில் நிதானம் ஒரு ரோலையும் அப்படிக் கெடுத்ததில்லை. ஏணியின் உச்சியில் உறை விலகி, அதுவரை மனிதக் கை படாத துணி முதன்முதலாக அவர் உள்ளங்கைக்கு வரும் நொடி அவருக்கு ஒரு பிரார்த்தனை மாதிரி. ஏறும் முன்பு கண்ணை மூடி, "இன்னிக்கும் விழாம பார்த்துக்கோ" என்று ஆண்டவனிடம் சொல்லுவார். இறங்கியதும் நன்றி சொல்லுவார். நடுவில் தொந்தரவு செய்ய மாட்டார்.

அந்தப் பதினெட்டாம் வருடம் சரக்கு லாரியின் பின்கதவு அவருடைய வலது கட்டைவிரல் மேல் விழுந்தது. நாலு மாதம் வீட்டில் இருந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல் மடங்க மறுத்துவிட்டது. மேல்நோக்கி விறைத்தே நின்றது. "இப்ப அப்பா எதுக்கும் சரின்னுதான் சொல்றார்" என்று மகள் அந்தக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தாள். இப்படி ஒரு புருஷனுக்குத்தான் பதினைந்து வருடமாகக் காத்திருந்தேன் என்றாள் மனைவி. அவரும் சிரித்தார். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஏணியில் நிற்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. மீதி நாலு விரலால் வலது கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும், அதில் கவலையில்லை. கத்தியை இடது கை திறக்க வேண்டும். அவருடைய பழைய கத்தியோ நகத்தை வைத்து இழுத்துத் திறக்கிற ரகம், இரண்டு கை கேட்கும். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடைக் கிடங்குக்குள் கொண்டுவரக் கூடாது. ஒருமுறை ஒடிந்த துண்டு ரோலுக்குள் தங்கி, எங்கோ தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரலைப் பதம் பார்த்ததிலிருந்து அதற்குத் தடை. வேறு வழி தெரியாமல் நிதானம் ஏணியின் உச்சியில் கத்தியைப் பல்லால் திறந்தார். மூன்றாம் நாள் மேலாளர் கீழே நின்று அதைப் பார்த்துவிட்டார்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. அவரைக் கீழே இறங்கச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, அதன் பிறகு பேசினார். "வாயால கத்தியத் திறக்கிற ஆளை நான் ஏணியில விட முடியாதுங்க. மாசக் கடைசி வரைக்கும் கீழ் அடுக்கு பாருங்க. அன்னிக்கு ஏறி, ஒரே கையால திறந்து, வெட்டி, மூடிக் காட்டுங்க. முடியலன்னா கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதுங்க. சம்பளம் அதேதான்."

சம்பளம் அதேதான் என்றதும் அவர் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. கேட்டில் துணி கிடையாது. புகையும் வண்டி எண்ணும்தான் உண்டு.

நல்ல கத்தியாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தது மனைவிதான். துணைக்குத் தன் தம்பியையும் அழைத்துக்கொண்டு, தானும் கிளம்பினாள். தம்பி கத்தி விஷயத்தில் பெரிய ஞானி. எந்த எஃகு எந்த நாட்டில் எத்தனை சூட்டில் வார்க்கப்படுகிறது என்பதெல்லாம் போனில் பார்த்தே மனப்பாடம். அவனிடம் ஏழு கத்தி இருந்தது. அவை இதுவரை வெட்டியதெல்லாம் கூரியரில் வந்த பெட்டிகளை மட்டும். அதிலும் பாதிப் பெட்டியில் புதுக் கத்தி இருந்தது.

கத்தரிக்கோலும் சமையல் கத்தியும் தொங்கும் சிறிய கடை. கடைக்காரர் இரண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். கத்திக் கடைக்காரரே கையை வெட்டிக்கொண்டால் எப்படி என்று மைத்துனன் கேட்டான். "இது காகிதம் கிழிச்சதுங்க. கத்தின்னா பிளாஸ்டர் பத்தாது" என்றார் அவர், நிமிராமலே.

மைத்துனன் கண்ணாடிக்குள் கை காட்டினான். கறுப்புப் பிடி, மீன் மாதிரி மெலிந்து நீண்ட கூர்முனை, பெயரில் பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக ஓர் எஃகு. இரண்டு வருடம் தீட்டவே வேண்டாம் மாமா என்றான். நிதானம் அதை இடது கையில் வாங்கினார். பக்கவாட்டுக் குமிழைக் கட்டைவிரலால் தள்ளினார், சட்டென்று திறந்துகொண்டது. நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு பொருள் அவர் சொன்னதைக் கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது. வாங்கிவிடலாம் என்று திரும்பினார்.

கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீர்கள், எதை வெட்டுவீர்கள், எந்தக் கை என்று மூன்று கேள்வி கேட்டார். நூறு தடவை, பட்டையும் பிளாஸ்டிக் உறையும், இடது கை என்று பதில் வந்தது. கடைக்காரர் ஒரு மரத்துண்டை மேசையில் வைத்து, திறந்த கத்தியை இறுக்கிப் பிடித்து முதுகுப்பக்கத்தை அதில் அழுத்தச் சொன்னார். விரலை மட்டும் அலகின் கூருக்கு நேரே வைக்காதீர்கள் என்றார். நிதானம் அழுத்தினார். கத்தி படக்கென்று மடங்கிவிட்டது.

மைத்துனன் போனை எடுத்து அந்தக் கத்தியின் பெயரைத் தேட ஆரம்பித்தான்.

"கத்தி மேல தப்பில்ல" என்றார் கடைக்காரர். உள்ளே ஒரு தகடுதான் பூட்டு. வலது கைக் கட்டைவிரல் தள்ளினால் விலகும்படி அதைச் செய்திருக்கிறார்கள். இடது கையில் இறுக்கிப் பிடித்தால் விரல் நுனிகள் அந்தத் தகட்டின் மேலேயே விழுகின்றன. எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் பூட்டு திறக்கும். இதைச் சொல்லிவிட்டு, கீழ் இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பார்க்க அழகில்லை. பூட்டு முதுகில் இருந்தது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். அலகில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓர் ஓட்டை, அதை வைத்துத் திறக்க வேண்டும். பையில் செருகும் கொக்கியை எந்தப் பக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். முனை என்று ஒன்று இல்லவே இல்லை. அலகு நேராக வந்து நுனியில் வளைந்து மழுங்கியிருந்தது.

"என்ன மாமா இது, மூக்கறுந்த கத்தி" என்றான் மைத்துனன்.

நிதானம் அதைக் கையில் வாங்கினார். மழுங்கிய நுனியை விரலால் தடவினார். கூர்முனை இல்லையென்றால் துணியில் குத்தாது. பட்டைக்கு அடியில் நுழைத்து, மேல்நோக்கி வெட்டலாம். துணி இருக்கும் பக்கம் கத்தி முதுகுதான் இருக்கும். பதினெட்டு வருடமாகக் கூர்முனையை எச்சரிக்கையாகப் பிடித்து வந்ததற்குப் பதில் இப்படி ஒன்று தேடியிருக்கலாமே என்று தோன்றியது. மரத்துண்டில் அழுத்தினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். மரம்தான் நகர்ந்தது.

விலையைக் கேட்டதும் அவர் வழக்கம்போல யோசிக்க ஆரம்பித்தார். அரை மாதச் சம்பளத்தை எட்டிப்பார்க்கும் விலை. அவர் யோசித்து முடிக்கக் கடை மூடிவிடும் என்று தெரிந்த மனைவி, கைப்பையைத் திறந்தாள். "பல் டாக்டர்கிட்ட போறதுக்கு இது மலிவு" என்றாள்.

புதுக் கத்தியை அவர் மறுநாளே வேலைக்குக் கொண்டுபோகவில்லை. நிதானம் அல்லவா. ஒரு வாரம் வீட்டில் பழகினார். போர்வையைச் சுருட்டி, உறை போட்டு, பழைய பட்டையால் கட்டி, நாற்காலி மேல் ஏறி நின்று வெட்டினார். மகள் நேரம் பார்த்தாள். முதல் நாள் கட்டைவிரல் தோல் உரிந்தது. இரண்டாம் நாள் கத்தி கீழே விழுந்தது. ஒரு நாள் போர்வையே கிழிந்துவிட்டது. மனைவி அதை வெட்டித் தலையணை உறையாகத் தைத்து, அவர் தலைக்கே போட்டாள். ஆறாம் நாள் திறப்பது, வெட்டுவது, மூடுவது மூன்றும் ஒரே மூச்சில் வந்தது. ஏற்கெனவே கீழ் அடுக்கில் பழைய கத்தியோடேயே கை நன்றாகப் பழகிவிட்டது, பட்டையெல்லாம் இப்போது தொட்டாலே அறுகிறது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தார். இனி கேட்க வேண்டுமா?

புதுக் கத்தியோடு கீழ் அடுக்கில் முதல் ரோலின் முன் நின்றார். பழைய கத்தியால் என்றால் பட்டையின் மேல் வைத்து அறுப்பார். இப்போது அடியில் நுழைக்க வேண்டுமே என்று பட்டையை விரலால் தூக்கித் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார்.

பட்டையின் பின்பக்கம் ஏற்கெனவே வெட்டியிருந்தது. கிட்டத்தட்ட முழு அகலத்துக்கும் சாய்வாக ஒரு வெட்டு. ஒரு நூல் அளவு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பட்டையும் அப்படியே. அடுத்த ரோலும். அன்று அவருக்கு ஒதுக்கியிருந்த பதினைந்து ரோலிலும் நாற்பத்தைந்து பட்டையும் யாரோ முன்னதாகவே வெட்டி, வெட்டு தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார்கள்.

கை பழகியதாக நினைத்தது, வீட்டில் பீற்றிக்கொண்டது எல்லாம் அந்தச் சாய்ந்த வெட்டுகளின் தயவு. முதலில் காது சுட்டது. யார் கேட்டார்கள் இந்த உதவியை என்று ஒரு கோபம். கிடங்கில் ஒவ்வொருவர் வெட்டும் கையெழுத்து மாதிரி. மேலாளர் நேராக வெட்டுவார். நிதானம் மெதுவாக வெட்டுவதால் ஓரம் கசங்கியிருக்கும். சாய்வாக வெட்டுகிறவள் ஒருத்திதான். அடுத்த வரிசையில் அந்த நேரம்கூட, தன் நாத்தனார் வீட்டு ஃபிரிட்ஜ் எப்படிப் பழுதானது என்று ஊருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெயர் ரேடியோ. அவருக்கு மூன்று வயது மூத்தவள். அவள் வயிற்றில் ஒரு சேதியும் அரை மணி தங்காது. யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கிடங்கு முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக, இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னே வந்து, இந்த வேலையைச் செய்திருக்கிறாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தேநீர் நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத் தொடங்கினார்.

"காலையில சீக்கிரமே வந்துடறீங்க போலிருக்குக்கா."

"பஸ்ஸு அப்படி இருக்கு தம்பி. அது கிடக்கட்டும், நம்ம டிரைவர் மச்சினன் மறுபடியும் மீசையை எடுத்துட்டான், தெரியுமா?"

அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் மூடி வைத்ததை நெம்பித் திறப்பது மரியாதை இல்லை என்று பட்டது.

மாதக் கடைசி வந்தது. மேலாளர் ஏழாம் வரிசை மேல் அடுக்கைக் காட்டினார். ஏணியை நகர்த்தும்போதே நிதானம் கவனித்துவிட்டார். அங்கே பட்டைகள் கொஞ்சம் முறுக்கித் திரும்பியிருந்தன. எந்த வரிசை என்று எப்படியோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ரேடியோ ஏணி வைத்து ஏறி அங்கேயும் வெட்டி வைத்திருக்கிறாள். வரிசையின் முனையில் சும்மா நிற்பதுபோல் நின்றுகொண்டு, யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏறி, தொட்டு, இறங்கினால் போதும். ஏணி அவருடையது. ஒருவருக்கும் தெரியாது. ஏறும் முன்பு கண்ணை மூடுவாரே, அப்போது பேசுகிற இடத்தில் மட்டும் தெரியும். அது போதாதா?

"சார்" என்றார். "இன்னிக்குக் காலையில இறங்குச்சே, அந்தச் சரக்குல பாருங்க சார். பட்டை புதுசு, நல்லா இறுக்கமா இருக்கும். அதுல வெட்டினாத்தான் கை சரியாயிடுச்சான்னு உங்களுக்கும் நம்பிக்கை வரும்."

மேலாளர் தோளைக் குலுக்கி, சரி என்றார். வரிசையின் முனையில் மழை பாதியில் நின்றது. ரேடியோ ஓய்ந்து அந்தக் கிடங்கு அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுச் சரக்கு ஒன்பதாம் வரிசை உச்சியில் இருந்தது. நிதானம் கண்ணை மூடினார், ஏறினார். நாலு விரல் கம்பியை வளைத்துக்கொண்டது. இடது கை பையிலிருந்து கத்தியை எடுத்து, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளியது. டக். முதல் பட்டைக்கு அடியில் மழுங்கிய நுனி நுழைந்து, மேல்நோக்கி ஓர் இழுப்பில் அறுத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பட்டை முறுக்கி உறைக்குள் புதைந்திருந்தது. இரண்டு முறை நுனி வழுக்கியது. அவர் கத்தியை மூடினார். ஒரு மூச்சு விட்டார். மறுபடி திறந்து, நுனியைச் சாய்த்து, அரிசியில் கல் தேடுகிற பொறுமையோடு உள்ளே விட்டார். பட்டை தெறித்தது. உறையின் ஓரத்தைக் கீறி விலக்கினார். உள்ளே அடர்ந்த நீலம்.

மேலாளர் தானே ஏறி, மேல் சுற்றை உள்ளங்கையால் தடவி, இரண்டு மடிப்பு புரட்டிப் பார்த்தார். ஒரு நூல் அறுந்திருக்கவில்லை. இறங்கி வந்து, ஏணி உங்களுதுதான், பல்லை மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க என்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று ரேடியோ தொடங்கிவிட்டாள். யாரிடம் எப்போது சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பட்டைகள் முழுசாக இருந்தன. அவர் மேலே ஏறி வேலை பார்த்தார். ஏணி உச்சியிலிருந்து சுற்றியுள்ள வரிசைகள் தெரியும். நன்றி உள்ள கண் ஒருவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கும். அப்படித்தான் ஒரு நாள் கவனித்தார். ரேடியோ ரோல் முனையில் ஒட்டிய சீட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தாள், பிறகு மூக்கருகே கொண்டுவந்தாள். யாராவது அந்தப் பக்கம் போனால், "இது என்ன நம்பர், சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதுபோலக் கேட்டாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின வாரம் மூன்றாம் எண் ரோலுக்குப் பதில் எட்டாம் எண் ரோல் வண்டியில் ஏறி, பாதி வழி போய்த் திரும்பி வந்திருந்தது. ஏற்றினவன் தலையில் அந்தப் பழி விழாமல், அவள் ஏதோ வேடிக்கை சொல்லித் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். எல்லாரும் வேடிக்கையைத்தான் கேட்டார்கள். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகும் என்று அவள் தன் பாட்டுக்கு முணுமுணுத்ததை, ஏணியில் இருந்தவர் மட்டும் கேட்டார்.

மறுநாள் நிதானம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினார். அப்படி அவர் எதற்கும் கிளம்பியதில்லை. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். கிடங்கில் விடியல் வெளிச்சம் மேல் ஜன்னல் வழியாக மட்டும் வந்துகொண்டிருந்தது.

பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அவளுக்கு ஒதுக்கிய வரிசையில் ஒவ்வொரு ரோலின் முனையில் உள்ள அட்டை மூடியிலும், சீட்டில் பொடியாக இருந்த எண்ணை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக எழுதினார். அவள் வரிசையில் மட்டும் எழுதினால் யாராவது கேட்பார்கள். அதனால் தன் வரிசையிலும் எழுதினார், அடுத்த இரண்டிலும் எழுதினார். கிடங்குக்குப் புது ஏற்பாடு போலிருக்கும். வலது கையால் சாக்பீஸைப் பிடிக்க முடியாது, இடது கைதான் எழுதியது. ஏழுகள் கோணலாக நின்றன.

வெளியே முதல் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு ரோல் பாக்கி. அதில் எட்டு போட வேண்டும். போட்டார். இரண்டடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். இடது பக்கம் கோடு லேசாக விட்டிருந்தது, மூன்று மாதிரித் தெரிந்தது. திரும்பிப் போய், இரண்டு வட்டத்தையும் அழுத்தி மூடினார்.